"அபாயம்" என்று எழுதியவர் யார்?

எழுதத் தெரிந்தால் மட்டும் போதுமா? எழுத்தில் நேர்மையும் வேண்டாமா? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகள் எழுப்பும் கேள்வி இது!

உங்கள் தெருக்கோடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதில் ஒரு தகரப் பலகை தொங்கும். பலகையில் ஒரு மண்டை ஓடு. குறுக்கே இரண்டு எலும்புகள். கீழே "அபாயம்" என்று ஒரே ஒரு சொல்.

பள்ளிக்கூடத்தையே பார்க்காத பாட்டிக்கும் அது புரியும். பேரனின் கையைப் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டு போவாள்.

அந்தப் பலகையை எழுதியவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று விதியே இருந்தது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 35-ஆவது விதி அது. எச்சரிக்கையை இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் எழுது. அந்த மாவட்டத்து மக்களின் மொழியிலும் எழுது. மண்டை ஓட்டையும் எலும்பையும் வரை. இதுதான் விதி.

யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு மொழி. உள்ளூர்க்காரருக்கு ஒரு மொழி. எழுத்தே தெரியாதவருக்குப் படம். ஒருவரைக்கூட விட்டுவிடவில்லை!

எழுத்துக்கும் ஒரு தருமம் உண்டு. அந்தத் தருமம் இந்தத் தகரப் பலகையில் இருக்கிறது.

எழுதுகிறவர்கள்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் தொழிற்சாலை. தெற்கே திரும்பி ஒரகடம் போனால் லாரி செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது.

காரும் செல்போனும் மட்டுமா அங்கே தயாராகின்றன? எழுத்தும் தயாராகிறது!

இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று கையேடு. எங்கே கை வைக்கக் கூடாது என்று எச்சரிக்கை. வேலைக்கு ஆள் எடுக்க விளம்பரம். விடுதிச் சுவரில் அறிவிப்பு. விபத்து நடந்தால் அறிக்கை. இத்தனையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்ப எழுத்தாளர் என்று பெயர். சிறிய பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த என்ஜினீயர் பையனோ பெண்ணோ அந்த வேலையைச் செய்வார்.

அவர்கள் கதை எழுதுகிறவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் எழுதும் ஒரு வரியில் ஓர் உயிர் தொங்கும்.

நெடுஞ்சாலையில் ஓர் இரவு

2021 டிசம்பர் மாதத்தின் நடுவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. 250-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

உடன் தங்கியிருந்த தோழிகள் கேட்டார்கள்: "அவர்கள் எங்கே? எப்படி இருக்கிறார்கள்?"

அவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பதில் இல்லாத இடத்தில் என்ன முளைக்கும்? வதந்திதான் முளைக்கும்! "சிலர் இறந்துவிட்டார்களாம்" என்று செல்போனுக்குச் செல்போன் செய்தி பறந்தது. 17-ஆம் தேதி இரவு, ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிக் குளிர். வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. விடிந்தும் மறியல் ஓயவில்லை. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதை அதிகாரிகள் காட்டிய பிறகே நிலைமை அடங்கியது.

தொழிற்சாலை மூடப்பட்டது. அதே மாதம் 29-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. தொழிலாளர்கள் தங்கிய சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12-இல்தான் தொழிற்சாலை மீண்டும் திறந்தது.

சாப்பாடு கெட்டது முதல் தவறு. வதந்தியைப் பரப்பியதும் தவறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு தவறு இருக்கிறது. அது மௌனம்!

விடுதி வாசலில் அன்றே நாலு வரி எழுதி ஒட்டியிருந்தால் என்ன? "இத்தனை பேருக்கு உடம்பு சரியில்லை. இன்னின்ன மருத்துவமனையில் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து உண்டா, இல்லையா என்று டாக்டர் சொன்னது இது. விவரம் கேட்க இந்த எண்ணில் பேசுங்கள்." இந்த நாலு வரி சரியான நேரத்தில், சரியான இடத்தில், உண்மையாக இருந்திருந்தால் பல பெண்களின் பயம் அன்றே தெளிந்திருக்கும். ஊரிலே செய்தி கேட்டுத் துடித்த தாய் தகப்பனும் தூங்கியிருப்பார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் பொய்க்குச் சமம்தான்.

விளம்பரத்தில் ஒரு வரி

அதே தொழிற்சாலை 2024-இல் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று, அந்த ஆண்டு ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. மத்திய அரசு, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அப்படி வேற்றுமை காட்டுவதில்லை என்று பாக்ஸ்கான் மறுத்தது.

நவம்பர் மாதம் இன்னொரு செய்தி வந்தது. ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் தங்கள் விளம்பரத்தில் வயது, ஆணா பெண்ணா என்ற விவரம், திருமணம் ஆனதா இல்லையா என்ற விவரம் எதையும் போடக் கூடாது என்று பாக்ஸ்கான் சொல்லிவிட்டதாம்.

"திருமணமாகாத பெண்கள் மட்டும்" என்று ஒரு வரி. அதை எழுதியவர் நம்மைப் போல ஒருவர்தான். "மேலே சொன்னார்கள், எழுதினேன்" என்பார். அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போன பெண்ணின் கழுத்திலே தாலி இருந்தது. இடுப்பிலே குழந்தை இருந்தது. வீட்டிலே கடன் இருந்தது. அவளை எழுதியவர் பார்க்கவில்லை.

சரி, வரியை எடுத்துவிட்டால் போதுமா? காகிதம் சுத்தமானால் காரியமும் சுத்தமாகிவிடுமா? விளம்பரத்தில் இல்லாத விதி நேர்முகத் தேர்வில் ஒளிந்திருந்தால், அது முன்னதைவிட மோசம். முன்பு அந்தப் பெண்ணுக்குக் காரணமாவது தெரிந்தது. இப்போது அதுவும் தெரியாமல் வீடு திரும்புவாள். எழுத்தைத் திருத்துவது பாதி வேலைதான்.

போபால் சொன்ன பாடம்

எழுத்தில்லாமல் உயிர் போன கதை நம் நாட்டிலேயே உண்டு.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு. போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆலைக்கு அக்கம்பக்கத்துக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டாலே ஓரளவு தப்பலாம் என்பதும் தெரியாது. யாரும் சொல்லி வைக்கவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. ஆலையில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் நிர்வாகம் சொல்லியே ஆக வேண்டும் என்றது அது.

1948-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்திலேயே 108-ஆவது பிரிவு உண்டு. சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது அது. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

பெரும்பாலோர் மொழி... சரி. மற்றவர்கள்?

ஒரகடம் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து பாருங்கள். இந்தி கேட்கும். ஒடியா கேட்கும். வங்காளம் கேட்கும். பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் "தொடாதே" என்ற தமிழ் எழுத்தைக் கோலம் என்று நினைத்துக்கொண்டு கை வைத்தால் என்ன ஆகும்? அவன் பெரும்பாலோரில் ஒருவன் அல்ல. ஆனால் ஒரு தாய்க்குப் பிள்ளை!

இந்த இடத்தில்தான் சட்டம் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் நடக்க வேண்டியது மனச்சாட்சி.

இரண்டு வகுப்புகள்

இனி, கல்லூரிக்கு வருவோம்.

இந்த நெடுஞ்சாலையில் தொழிற்சாலைகளைப் போலவே பொறியியல் கல்லூரிகளும் வரிசையாக நிற்கின்றன. நாளைக்குக் கையேடு எழுதப் போகிறவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையாக எழுதக் கற்றுத்தருகிறோமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு ஆங்கிலப் பாடத்தில் செய்முறைக் குறிப்பு எழுதும் பயிற்சி இருக்கிறது. நல்லது. மனித விழுமியங்கள், அறநெறி பற்றித் தனிப் பாடம் இருக்கிறது. அதுவும் நல்லது. ஆனால் அது இறுதி ஆண்டில் வருகிறது!

எழுத்து ஒரு வாசலில், தருமம் வேறொரு வாசலில். நடுவிலே மூன்று வருஷம்! எழுதும்போது தருமம் ஞாபகத்தில் இல்லை. தருமம் படிக்கும்போது கையில் எழுதுகோல் இல்லை.

"இலக்கணப் பிழை இல்லாமல், தெளிவாக எழுதினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது! 1942 ஜூன் 5 என்று தேதியிட்ட ஒரு ஜெர்மானியக் குறிப்பு இருக்கிறது. வண்டியில் என்னென்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று வரிசையாக, தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அது மனிதர்களை ஏற்றி விஷப்புகையால் கொல்லும் வண்டி! ஏற்றப்படும் மனிதர்களை அந்தக் குறிப்பு சரக்கைப் போலப் பேசுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீவன் காட்ஸ் 1992-இல் அதைப் பற்றி எழுதினார். தொழில்நுட்ப எழுத்து சொல்லித்தரும் வகுப்புகளில் அது பாடமாயிற்று. பிழையில்லாத எழுத்து, ஆனால் உள்ளே மனிதன் இல்லை.

திருவள்ளுவர் "வாய்மை" என்று ஓர் அதிகாரம் வைத்தார். "பயனில சொல்லாமை" என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். உண்மையாகவும் சொல், உபயோகமாகவும் சொல். கையேடு எழுதுகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. எழுதச் சொல்லித்தரும் அதே வகுப்பில், முதல் நாளிலேயே, மாணவர் தம்மையே நாலு கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

இதைப் படிக்கப் போகிறவர் யார்?

அவருக்குப் புரியாவிட்டால் அவருக்கு என்ன ஆகும்?

நான் எதை விட்டுவிட்டேன்? ஏன் விட்டேன்?

என் தங்கை அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றால், இதே வரியைத்தான் எழுதுவேனா?

பிறகு ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் ஓர் எச்சரிக்கை எழுதட்டும். கல்லூரி கேன்டீனில் வேலை செய்கிறவரிடம் அதைக் காட்டட்டும். "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். "இதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அண்ணே?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதில்தான் மார்க்கு!

இப்போது செல்போனில் ஒரு விரலைத் தட்டினால் இந்தியும் ஒடியாவும் வந்து விழுகின்றன. வசதிதான். ஆனால் "தொடாதே" என்பது "தொடு" என்று மாறி வந்தால் கண்டுபிடிப்பது யார்? இயந்திரம் மொழிபெயர்க்கும். பழியை ஏற்காது. அந்த மொழி தெரிந்த தொழிலாளி ஒருவர் படித்துப் பார்க்காமல் எதையும் ஒட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்று உண்டு. "இந்த வரியை எடுத்துவிடு" என்று மேலதிகாரி சொன்னால் என்ன செய்வது?

இருபத்திரண்டு வயது. முதல் வேலை. தலைக்கு மேல் கல்விக்கடன். "எதிர்த்துப் பேசு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். வேலை போனால் நாமா சோறு போடுவோம்?

ஆகவே வீரத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது; வழியையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த வரி ஏன் தேவை என்று பணிவாக, எழுத்திலே கேட்கலாம். பதிலையும் எழுத்திலே வாங்கலாம். தனியாகப் போகாமல் இருவராகப் போகலாம். பெரிய ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருக்கும். அதன் முன் வைக்கலாம். வாயால் "எடு" என்பவர்கள், கையெழுத்துப் போட்டு "எடு" என்று எழுதத் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே பல உயிர்களைக் காக்கும்.

கோபுரத்தில் ஏறியவர்

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். அவரைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் அவர் ஒரு மந்திரத்தைக் கற்றார். "யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம்தான்" என்றார் குரு. சீடர் என்ன செய்தார்? கோயிலின் மேலே ஏறி நின்று, ஊர் மக்கள் எல்லோரையும் அழைத்து, உரக்கச் சொல்லிவிட்டார்! நான் ஒருவன் நரகம் போனால் போகிறேன், கேட்டவர்கள் எல்லோரும் பிழைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

இன்று அந்த ஊரைச் சுற்றிக் கோபுரத்தை விட உயரமாகப் புகைபோக்கிகள் நிற்கின்றன. உயிரைக் காக்கும் சொல் எதுவோ, அது மேலதிகாரியின் மேஜை இழுப்பறைக்குள் கிடக்கக் கூடாது. தொழிலாளி நிற்கும் இடத்தில், அவர் கண்ணுக்கு நேரே, அவர் மொழியில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பொறியியல் படிக்கிறதா? இன்று மாலை தெருக்கோடிக்கு அழைத்துப் போங்கள். அந்தத் தகரப் பலகையைக் காட்டுங்கள். "நீ எழுதினால் இப்படி எழுது!" என்று சொல்லுங்கள்.