வாய்ப்புற்றும் கிருமிகளும்

மனிதனுடைய வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் வாசம் செய்கின்றன. வாய்ப்புற்று கண்டவர்களிடத்தில் அவற்றுள் சில மிகுந்திருப்பதை வைத்திய சாஸ்திரிகள் முன்னரே கண்டிருக்கின்றனர். ஆயினும், ஓர் ஊரில் இன்னார் குடியிருக்கிறார் என்பது ஒன்று. அவர் அங்கே என்ன செய்கிறார் என்பது மற்றொன்று. குடிக்கணக்கை மட்டும் பார்த்து எந்த நியாயஸ்தலமும் எவரையும் குற்றவாளியென்று தீர்மானிப்பதில்லை.

இக்குறையை நீக்கும் முறையொன்று இப்போது கைவந்திருக்கிறது. கிருமியின் மரபணுக்களில் எவை வேலை செய்கின்றனவோ, அவற்றின் நகலாக ஆர்.என்.ஏ. என்னும் பொருள் உண்டாகிறது. அதைத் திரட்டிப் படித்தால் கிருமிகளின் நடவடிக்கை வெளியாகும். 2018-ல் பிரசுரமான ஆராய்ச்சியொன்று, நோயாளிகளின் வாய்க் கிருமிகளை இவ்விதம் சோதித்து, நோயற்றோரின் கிருமிகளுடன் ஒப்பிட்டது. இரும்புச் சத்தைக் கவரும் மரபணுக்களின் வேலை புற்றுள்ள இடத்தில் மாறியிருந்தது; தீங்கு விளைக்கத்தக்க மரபணுக்கள் நோயாளிகளிடத்தில் அதிகமாக இயங்கின. பியூசோபாக்டீரியா என்ற இனமும் அங்கே பெருகியிருந்தது.

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சோதனைக்குட்பட்டவர்கள் மிகச் சிலரே. கிருமியால் புற்று வந்ததா, புற்றுப் புண்ணைக் கண்டு கிருமி கூடிற்றா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே, "குற்றம் கிருமியுடையது, புகையிலையுடையதன்று" என்று வாதாட எவரேனும் முற்படின், அவ்வாதம் செல்லாது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்குங்கூடப் புற்று விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பை இக்கிருமி ஆராய்ச்சி சிறிதும் அசைக்கவில்லை.

நம் தேசத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 1,35,000 பேருக்கு மேல் இந்நோய் புதிதாகக் கண்டதென மதிப்பிடப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஆர்.என்.ஏ. வேண்டுவதில்லை, வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். திருவனந்தபுரம் ஜில்லாவில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்ததன் பயனாக, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் நூற்றுக்கு 34 வீதம் குறைந்ததென 2005-ல் வெளியான முடிவு கூறுகிறது.

அவ்வழியைப் பின்பற்றி, முப்பது வயது கடந்த அனைவரையும் பரிசோதிக்க மத்திய சர்க்கார் 2016-ல் திட்டம் வகுத்தனர். பலன் யாது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே. காகிதத்தில் வகுத்த திட்டம் கிராமத்தை எட்டவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கிருமிகளின் இரகசியத்தை அறியும் ஆராய்ச்சி தழைக்கட்டும். தாம்பூலமும் புகையிலையும் மெல்லும் நம் ஜனங்களிடையேயும் அது விரிவாக நடைபெறட்டும். ஆனால் அதன் முடிவு வரும்வரை, அறிந்த காரணத்தை விலக்காமலும், அறிந்த பரிகாரத்தைச் செய்யாமலும் காத்திருப்பது சாஸ்திரமுமன்று, தர்மமுமன்று. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாய்ப் பரிசோதனையை நித்திய வேலையாக்குவது சர்க்காரின் கடமை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால் தாமதியாமல் காட்டிக்கொள்வது ஜனங்களின் கடமை.