பட்டறைப் பக்கம்: இறுகிப்போன ஸ்டியரிங்கும் எட்டிப் பார்க்காத கிரீஸ் கன்னும்

"அண்ணாச்சி, ஸ்டியரிங் ரொம்பக் கட்டியா இருக்கு. வளைவுல ஒடிச்சா தானா நேரா வர மாட்டேங்குது. நாமதான் இழுத்துக் கொண்டு வரணும்."

"கடைசியா எப்பப்பா கிரீஸ் அடிச்சீங்க?"

டிரைவர் கிளீனரைப் பார்க்கிறார். கிளீனர் தரையைப் பார்க்கிறார்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஏற்றும் பழைய லாரிகள் வந்து நிற்கும் பட்டறைகளில் இது வாடிக்கையான பேச்சு. இன்ஜின் கோளாறு என்றால் வண்டி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். ஸ்டியரிங் அப்படியில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். டிரைவரின் கையும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். ஆபத்தே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

எங்கே இறுகுகிறது?

பழைய லாரிகளில் முன் அச்சு என்பது கனமான ஒரே இரும்பு பீம். அதன் இரண்டு முனைகளிலும் செங்குத்தாக ஒரு தடித்த பின் நிற்கும். அதுதான் கிங் பின். கதவுக்குக் கீல் எப்படியோ, முன் சக்கரத்துக்கு கிங் பின் அப்படி. அதைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று என புஷ் இருக்கும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில் எப்போதும் கிரீஸ் நிறைந்திருக்க வேண்டும்.

கிரீஸ் வற்றினால் அங்கே தண்ணீர் புகும். உப்பளப் பாதையில் ஓடும் வண்டிக்கு அது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். இரும்பை வேகமாகத் தின்னும். ஒட்டியிருக்கும் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். துருவோ, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மயிரிழை இடைவெளியில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை ஓய்ந்துவிடும். அப்போது ஓட்டமில்லாமல் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் மோசம். அசையாத மூட்டுதான் சீக்கிரம் இறுகும்.

பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் கோளாறு வெளியே தெரியவே நாளாகும். இறுகிய மூட்டை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், டிரைவருக்கு கனம் தெரியாது. அந்த முரட்டு பாரத்தை எல்லாம் டை ராடும் அதன் எண்டுகளும் தாங்கிக்கொண்டிருக்கும்.

எதைக் கழற்றுவது?

அனுபவசாலி மேஸ்திரி எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தொட மாட்டார். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டிராக் லிங்க்கை மட்டும் கழற்றுவார். இப்போது வீலைத் திருப்பிப் பார்த்தால் லேசாக இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்டியரிங் பாக்ஸ் மேல் தப்பில்லை. அடுத்து டை ராடைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் திருப்பிப் பார்ப்பார். இறுகிய பக்கம் எது என்று தெரிந்துவிடும். இந்த அரை மணி நேரச் சோதனையைச் செய்யாமல், நல்லா இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

டை ராடு எண்டைக் கழற்றவும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். மறுநாள் நட்டைத் தளர்த்தலாம். ஆனால் முழுசாகக் கழற்றக் கூடாது, இரண்டு மூன்று மரை பிடித்தபடி விட வேண்டும். இல்லையென்றால் விடுபடும் வேகத்தில் ராடு முகத்தில் வந்து அடிக்கும்.

பிறகு ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. கூம்பாக இறங்கியிருக்கும் தண்டு 'டக்'கென்று விட்டுவிடும். தண்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்குமே தவிர, பிடி விடாது. டிராப் ஆர்முக்கு இந்த அடியும் ஆகாது. அந்த அதிர்ச்சி ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைப் பதம் பார்த்துவிடும். அதற்குப் புல்லர்தான் சரி.

கிங் பின்னில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பின்னை பீமோடு பூட்டி வைத்திருக்கும் லாக் பின் குறுக்கே இருக்கும். துருவும் பெயின்ட்டும் மூடி, அது இருப்பதே தெரியாது. அதை எடுக்காமல் சம்மட்டியால் எவ்வளவு அடித்தாலும் கிங் பின் நகராது, தலைதான் காளான் மாதிரி விரியும். லாக் பின்னை எடுத்த பிறகும் வரவில்லை என்றால் ஹைட்ராலிக் பிரஸ்தான் நல்ல வழி.

கேஸ் வைக்கலாமா?

"கேஸ் வெச்சுச் சூடு பண்ணுங்க அண்ணாச்சி, சீக்கிரம் வந்துடும்" என்று ஓனர் அவசரப்படுத்துவார். சூட்டில் இரும்பு விரிந்து பிடி விடும் என்பது உண்மைதான். ஆனால் பீமும் ஸ்டியரிங் ஆர்மும் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர்வித்து வலுவேற்றப்பட்டவை. சிவக்கக் காய்ச்சினால் அந்த வலு போய்விடும். ஆறிய பிறகு பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. லோடோடு ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். இது போதாதென்று, பக்கத்திலேயே டயர், கிரீஸ், ஊற்றி வைத்த எண்ணெய்.

அதனால், தூக்கிப் போடப்போகும் பாகத்தைச் சூடாக்கியோ வெட்டியோ எடுக்கலாம். திரும்ப மாட்டப்போகும் எதிலும் நெருப்பு படக் கூடாது. எண்டில் பட்டுவிட்டதா? புது எண்டு. ஆர்ம் சிவந்துவிட்டதா? புது ஆர்ம்.

"எஃப்.சி. முடியற வரைக்கும் பழசையே போட்டுக் குடுங்களேன்" என்ற கெஞ்சலும் வரும். இங்கேதான் மேஸ்திரி இளகக் கூடாது. எதிரே ஸ்கூட்டரில் வருகிறவருக்கு அந்த வண்டி எஃப்.சி. முடித்ததா என்று தெரியாது.

மாட்டும்போது...

புது புஷ் போட்டால் அதன் துளை கிரீஸ் வரும் வழிக்கு நேராக இருக்க வேண்டும். மாறிப் போனால் எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது. துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே தவிர, தளர்த்தக் கூடாது. கடைசியில் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அந்தச் சமயத்தில் அடியில் பளபளவென்று பெயின்ட் அடிப்பார்கள். கிரீஸ் நிப்பிளின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். பெயின்ட் வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிப்பிளையும் துடைத்து, முன் அச்சைத் தூக்கி வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடித்தால் போதும். வண்டியைத் தூக்கி அடித்தால்தான் பாரம் தாங்கும் பேரிங்குக்கும் கிரீஸ் போய்ச் சேரும்.

கிளீனர் பையனுக்கு இது கால் மணி நேர வேலை. அதை விட்டதற்குத்தான் இப்போது வண்டி இரண்டு நாளாகப் பட்டறையில் நிற்கிறது.