பெட்ரோல் பம்பை நேராகச் சாவியில் கட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருப்பது பலருக்குத் தெரியும். தெருவில் அதற்கு "வாத்தியார் பியட்" என்றுதான் பெயர். போன சித்திரை வெயிலில் வண்டி அடிக்கடி நடுரோட்டில் நின்றது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, எஞ்சினோடு இருக்கும் பழைய பம்ப் அதை இழுக்க முடியாமல் திணறுகிறது என்றார் மெக்கானிக் தம்பி. டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் சரியாகும் என்றார். போட்டோம். சரியாகவும் ஆனது.

இரண்டு மாதம் கழித்து வீட்டம்மாவுக்குக் கண் பரிசோதனை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, ரேடியோ கேட்க சாவியை மறுபடி ஆன் பண்ணி வைத்து உட்கார்ந்திருந்தேன். (அப்படி வைத்தால் இக்னிஷன் காயிலும் சூடாகும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.) கால் மணி நேரத்தில் பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்தால் கார்பரேட்டர் வழிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளி ஒரு ஆட்டோக்காரர் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை அன்றைக்குத்தான் உண்மையாக உபயோகப்பட்டது.

நடந்தது இதுதான். கார்பரேட்டர் ஊசியில் தூசி சிக்கி சரியாக மூடவில்லை. பம்ப் ஒயரை நேராகச் சாவியில் கட்டியிருந்ததால் எஞ்சின் ஓடாவிட்டாலும் பம்ப் தள்ளிக்கொண்டே இருந்தது. பழைய பம்பை எஞ்சின்தான் ஆட்டுகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பை நாம் கழற்றி எறிந்துவிட்டோம், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. இதே வண்டி எங்காவது மோதி, குழாய் அறுந்து, ஓட்டுபவர் மயங்கிக் கிடந்தால்? சாவி ஆனிலேயே இருக்கும். டேங்கில் உள்ளதையெல்லாம் பம்ப் ரோட்டில் கொட்டும். பேத்தியைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

தம்பியிடம் கேட்டேன். "சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுறோம், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் "ஒண்ணும் ஆனதில்ல" என்பதை நான் பதிலாக ஏற்கமாட்டேன்.

வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒரு ரிலே. பள்ளியில் மின்காந்தப் பாடத்தில் மின்சார மணி படித்தோமே, அதே தத்துவம்தான். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை. 87இலிருந்து பம்ப். 85 எர்த். 86க்குச் சாவியிலிருந்து வரும் ஒயரை நேராகக் கொடுக்கக் கூடாது, அதுதான் முக்கியம். இடையில் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக வரவேண்டும். டேஷ்போர்டு சிவப்பு விளக்குக்கு இருக்கும் சுவிட்ச் உதவாது. அது பிரஷர் இல்லாதபோது இணைப்புத் தருவது. நமக்கு வேண்டியது பிரஷர் வந்தபின் இணைப்புத் தருவது. "அப்போ எப்படி ஸ்டார்ட் ஆகும்?" என்று கேட்பீர்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலே பெரும்பாலும் போதும். இது வேண்டாமென்றால், இக்னிஷன் காயிலின் துடிப்பைப் பார்த்து எஞ்சின் ஓடுகிறதா என்று அறியும் ரிலேயும் உண்டு. மோதலில் தானே துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சையும் 86க்குப் போகும் வழியில் சேர்த்துவிடுங்கள். உள்ளே காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஒரு இரும்புக் குண்டு, அவ்வளவுதான். அடி பட்டால் குண்டு விலகி இணைப்பு போய்விடும்.

ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது, தகரத்து ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் இழுப்பது இரண்டையும் அனுமதிக்காதீர்கள். இன்ஜெக்ஷன் கார் பம்பைக் கழற்றி மாட்டுவதும் ஆகாது. அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். நம் கார்பரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மெக்கானிக்குகள் கோபித்தாலும் சரி. பாதிப் பேருக்கு எலெக்ட்ரிக் பம்பே தேவையில்லை. பழைய பம்புக்குப் புது டயாப்ரம் போட்டு, குழாயை எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வைத்தாலே ஓடும். ரப்பர் ஓஸ்களையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்; நம் வண்டிகளின் பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல.

ஏற்கெனவே பம்ப் போட்டவர்கள் இன்று சாயங்காலமே ஒரு சோதனை செய்யுங்கள். சாவியை ஆன் பண்ணுங்கள், ஸ்டார்ட் செய்யவேண்டாம். பின்பக்கம் காதைக் கொடுங்கள். ஐந்து விநாடி கழித்தும் பம்ப் சத்தம் கேட்டால், ரிலே போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள். என் வண்டியில் அதே தம்பிதான் மாற்றிக் கொடுத்தார். இரண்டு மணி நேர வேலை, கூலியும் வாங்கவில்லை. படம் போடச் சொல்லி யாராவது கேட்டால் கையால் வரைந்து போடுகிறேன்.