மருத்துவச்சி வகுப்பைத் திறக்கச் சொல்வோம்!

லேபர் வார்டுத் தோழர்களே,

குழந்தை பிறந்ததும் தாயின் தொடையில் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். அடுத்து நம் கை அவள் அடிவயிற்றுக்குப் போகிறது. கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருந்தால் மூச்சு விடுகிறோம்; தொளதொளவென்று இருந்தால் தேய்த்துவிட்டுக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுகிறோம். ரத்தம் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒரு தாய் போய்விடுவாள் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆப்கானிஸ்தானில் அந்தக் கையே இல்லாமல் செய்கிறார்கள்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலைப் பிடித்த தாலிபான்கள், பெண்பிள்ளைகளின் படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் சாத்தினார்கள். மிச்சமிருந்த ஒரே வாசல் நர்சிங்கும் மருத்துவச்சிப் படிப்பும்தான். 2024 டிசம்பரில் அதையும் அடைத்தார்கள். பாதிப் படிப்பில் இருந்த பெண்கள் அழுதுகொண்டே வெளியேறினார்கள். இன்னும் 18,000 மருத்துவச்சிகள் வேண்டும் என்று ஐ.நா. சொன்ன நாடு அது! கிரிக்கெட் வீரர் ரஷீத் கானே பொறுக்க முடியாமல், முடிவை மாற்றுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார்.

சில மாகாணங்களில் ஆண் டாக்டர் பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. பெண்ணோ வைத்தியம் படிக்கவே கூடாது. அப்படியானால் பிரசவ வலியில் துடிப்பவளை யார் பார்ப்பது? இன்று வேலையில் இருக்கும் அக்காமார் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு வர ஆளே இல்லை.

"அது அவங்க மதம், கலாசாரம், நாம தலையிடலாமா?" என்று நமக்குள்ளேயே சிலர் கேட்கிறார்கள். கேளுங்கள் தோழர்களே. 2002-இல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 1,600 தாய்மார் இறந்தார்கள். அதற்குப் பிறகு, எட்டாத கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெரியவர்களே தங்கள் ஊர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து மருத்துவச்சிப் படிப்புக்கு அனுப்பினார்கள். இருபது வருடத்தில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஊரே விரும்பி அனுப்பிய படிப்பைத்தான் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தடுக்கிறார்கள்.

நாம் கத்தி என்ன ஆகும் என்று சோர்ந்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 10 அன்று தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி டெல்லியில் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பில் பெண்களுக்கு இடமில்லை. எங்கும் கண்டனம் கிளம்பியது. இரண்டே நாளில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் பத்திரிகையாளர்களுக்கு அதே முத்தாக்கி பதில் சொல்ல வேண்டி வந்தது!

அந்தப் பயணத்தின்போது நம் அரசு 20 ஆம்புலன்ஸ் கொடுப்பதாக அறிவித்தது. கொடுக்கட்டும், உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் முதலில் சாவது அந்தத் தாய்மார்தான். ஆனால் ஆம்புலன்ஸில் வந்து இறங்குபவளைத் தொட்டுப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டாமா? காபூலோடு பேசும் ஒவ்வொரு முறையும் இதைக் கேள் என்று நம் அரசிடம் சொல்வோம். படிப்பைப் பாதியில் இழந்த பெண்களுக்கு விசாவும், நம் நர்சிங் கல்லூரிகளில் இடமும் கொடு என்று கேட்போம்.

இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் இதையே முதல் தீர்மானமாக வையுங்கள். வெளியுறவு அமைச்சருக்குத் தபாலில் அனுப்புங்கள். நைட் டூட்டி முடிந்து இறங்கும் தோழர்களிடமும் கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள்.