ஓரத்துக் காலாள்

சதுரங்கத்தில் முதற்கண் நடுக்கட்டங்களைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது பொதுவிதி. ஆதலின் அரசனுக்கோ ராணிக்கோ முன்னின்ற காலாளை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்குதலே பெருவழக்கு. அவ்வாறன்றி, ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்துவோரைக் கண்டு நம் மாணவர் பலர் நகைக்கின்றனர். அந்நகை பொருந்தாது என்பதே நம் கருத்து.

இத்தொடக்கத்திற்கு ‘ஒராங்குட்டான்’ என்ற பெயருண்டு. 1924ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த பெரும்போட்டியினிடையே, டார்ட்டகோவர் என்னும் வல்லுநர் விலங்குக் காட்சிச்சாலையில் சூசன் என்னும் ஒராங்குட்டானைக் கண்டுவந்து, மாரோட்சிக்கு எதிராக இக்காலாளை முன்விட்டார். அவ்வாட்டத்தில் அவர் தோற்றார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், சோவியத்து நாட்டுச் சொக்கோல்ஸ்கி இதனை ஆராய்ந்து 1963இல் தனிநூலே இயற்றினார். வெறும் வேடிக்கையாயின் அத்துணை உழைப்பு எதற்கு?

இதன் உட்கருத்தைச் சிறிது நோக்குவோம். கறுப்பர் தம் அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் செலுத்தினால், வெள்ளையரின் ஓரக்காலாள் கறுப்பு மந்திரியின் தாக்குதலுக்கு உட்படும். வெள்ளையர் அதனைக் காவாது, காலாள் விட்டகன்ற கட்டத்தில் தம் மந்திரியை நிறுத்துவர். கறுப்பர் ஓரக்காலாளை வெட்டினால், வெள்ளையர் அவருடைய நடுக்காலாளை வெட்டுவர். ஊரெல்லையில் உள்ள நிலத்தைக் கொடுத்து ஊர்நடுவே மனை வாங்கினாற்போன்ற வாணிகம் இது! ஆகவே, இவ்வாறு ஆடுவோர் நடுவை இகழ்ந்தவரல்லர். தொலைவினின்று அதனைக் குறிவைத்தவரேயாவர்.

ஓரக்காலாளை நகர்த்தி மந்திரிக்கு வழிசெய்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. பழைய இந்திய ஆட்டத்தில் காலாள் முதல் நடையிலும் ஒரு கட்டமே செல்லும். ஆதலின் அம்முறை நம்மவர்க்கு இயல்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கல்கத்தாவில் மகேசசந்திர பந்தியோபாத்தியாயர், ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞரை எதிர்த்து இவ்வண்ணம் ஆடினார். அவ்வகைத் தடுப்பாட்டங்கள் இன்று ‘இந்திய’ என்னும் அடையுடன் உலகெங்கும் மதிக்கப்பெறுகின்றன.

நாம் இதனை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நகரின் வடகோடியில் உள்ள எர்ணாவூர், எண்ணூர் முதலிய ஊர்களில் தொழிலாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பொருள் கொடுத்துப் பயிற்சி பெறும் நிலையினரல்லர். வழக்கமான தொடக்கங்களில், பயிற்சி பெற்றவர் பதினைந்து நடைகளை நெட்டுருவாகவே ஆடிவிடுவார். எதிரே இருக்கும் ஏழைப் பிள்ளையோ ஒவ்வொரு நடைக்கும் நேரத்தைச் செலவிடல் வேண்டும். வழக்கிலில்லாத் தொடக்கத்தில் இருவரும் விரைவிலேயே சொந்த அறிவை நம்பவேண்டியவராகின்றனர்.

‘இது குறுக்குவழியன்றோ?’ எனச் சிலர் வினவலாம். அன்று. இறுதியாட்டத்தைக் கல்லாதவனை எத்தொடக்கமும் காவாது. இத்தொடக்கம் வெற்றியை அளிப்பதன்று; சிந்திக்கும் வாய்ப்பை அளிப்பது. கல்லூரிகளில் சதுரங்கக் குழுவிற்கு ஆட்களைத் தெரிந்தெடுப்போரை நாம் வேண்டுவது ஒன்றே: முதல் நடையைக் கண்டு ஒருவரைத் தள்ளிவிடற்க, இறுதி நடைவரை பொறுத்திருந்து மதிப்பிடுக.