கிட்டங்கித் தூசியும் நம் மூச்சும்

ராஜபாளையத்தில் மில் தொழிலாளி இருமினால் 'பஞ்சுத் தூசியா?' என்று கேட்கிறார்கள். பலசரக்குக் கடைக்காரர் இருமினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. 'தூசி நமக்குப் பழகியதுதானே' என்று நாமும் சொல்லாமல் இருந்துவிடுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து தானிய வியாபாரி ஒருவர், நமக்கு வேண்டியவர். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சளியில் கிருமி இல்லை. இருந்தும் காசநோய் மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டார். குணமில்லை. பிறகு மதுரையில் ஒரு டாக்டர்தான், "என்ன தொழில்? கிட்டங்கியில் புறா அடைகிறதா?" என்று விசாரித்தார். சி.டி. ஸ்கேனும், ஊதிப் பார்க்கும் சோதனையும் எடுத்த பிறகு நோய் தெரிந்தது: ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி.

பூசணம் பிடித்த தானியம், வண்டு விழுந்த கோதுமை மாவு, புறா எச்சம் இவற்றின் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு மட்டும் நுரையீரல் உள்ளுக்குள்ளேயே வீங்கும். இது தொற்று நோயல்ல. அபூர்வம்தான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அபூர்வமல்ல. இந்தியாவில் 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளில் நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், 47 சதவீதம் பேருக்கு இருந்தது இந்த நோய்தான்.

முதல் மருந்து, அந்தத் தூசியை விட்டு விலகுவது. அடுத்து ஸ்டீராய்டு மாத்திரை. இதை மருந்துக்கடையில் நாமாக வாங்கி விழுங்கக் கூடாது, சர்க்கரை ஏறும். டாக்டரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நாள் கடந்து நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டால் பழைய மூச்சு திரும்பாது. அப்போது தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கத்தான் மருந்து உண்டு. மேற்படி நண்பருக்குப் போன ஆறு மாதத்தின் விலை இதுதான்.

ஆகவே இருமல் இரண்டு வாரம் தாண்டினால் முதலில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே அது இலவசம். காசநோய் என்று உறுதியானால் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். இல்லையென்றால் நுரையீரல் நிபுணரிடம் போய், கேட்காவிட்டாலும் தொழிலைச் சொல்லுங்கள். வெளியூர் போனால் இருமல் குறைகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

நனைந்த மூட்டையைக் காயவைத்து அடுக்குவதும், ஜன்னலுக்குக் கம்பிவலை அடிப்பதும் பெரிய செலவல்ல. புறாவை விரட்டினால் பாவம் என்பார்கள் சிலர். கிட்டங்கிக்கு வெளியே தீவனம் போடட்டும், யார் வேண்டாமென்றது? நம்மைவிட அதிகத் தூசியில் நிற்பவர்கள் சுமை தூக்குகிறவர்களும் கடைப்பையன்களும். அவர்களுக்கும் சேர்த்து வருடம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை முகாம் நடத்துவதை அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.