பயந்த நாய்க்கு யார் வீடு?

ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போறீங்கன்னு வெச்சுக்குங்க. பத்துப் பன்னிரண்டு நாய் கம்பி மேல கால் வெச்சு வாலாட்டுது, குலைக்குது, கையை நக்குது. ஒண்ணு மட்டும் கடைசி மூலையில சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கு. எதைக் கூட்டிக்கிட்டு வருவீங்க?

வாலாட்டுறதைத்தான். அதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா இன்னொரு ரகம் ஆளுங்க இருக்காங்க. மூலையில இருக்கறதைப் பார்த்து "அய்யோ பாவம், எவ்ளோ சாதுவா இருக்கு"ன்னு சொல்லி அதைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. எனக்குப் பயமே இவங்களைப் பார்த்தாத்தான் :-)

ஏன்னா அது சாது இல்லீங்க. 1967ல மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க நாய்களை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. கொடுமையான சோதனை, இன்னிக்கு அனுமதி கிடைக்காது. என்ன பண்ணாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை நாய்களுக்குக் குடுத்தாங்க. அப்புறம் தாண்டினாலே தப்பிச்சுடலாம்ங்கற மாதிரி ஒரு தாழ்ந்த தடுப்புக்குப் பக்கத்துல விட்டாங்க. நிறைய நாய்ங்க தாண்டவே இல்லை, அப்படியே படுத்துக்கிட்டு அதிர்ச்சியை வாங்கிக்கிச்சு. காப்பகத்து மூலையில நீங்க பார்க்கற 'அமைதி' பல நேரம் இந்த ஜாதிதான். இனிமே எதுவும் என் கையில இல்லைன்னு விட்டுட்ட அமைதி. வீட்டுக்கு வந்து நாலு நாள்ல கொஞ்சம் தெம்பு வந்ததும் அதே நாய் உறுமும், கதவு இடுக்குல பூந்து ஓடப் பார்க்கும். 'சாது'ன்னு நம்பி வந்தவங்க அன்னிக்கே காப்பகத்துக்கு போன் போட்டுடுவாங்க.

இதை நான் சும்மா சொல்லலை. இந்தப் பக்கத்துக் காப்பகம் ஒண்ணுல (பேர் வேணாம்) ஒரு பழுப்பு நிறப் பெண் நாய். ரெண்டு வயசு இருக்கும். நானும் ரெண்டு நண்பர்களும் அதுக்கு வீடு தேடினோம். மறைமலை நகர்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டுல தெரிஞ்சவங்க வீடு ஒண்ணு விடலை. ரெண்டு தடவை போய் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு.

முதல் வீடு ஊரப்பாக்கத்துல. தனி வீடு, சுத்தி இடம், ஆறடி மதில். காப்பகத்துக்காரங்களுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா பயந்த நாய்க்குப் பெரிய தோட்டம்னா என்ன அர்த்தம்? ஒளிய நிறைய இடம்னு அர்த்தம். ஒரு வாரம் வாட்டர் டேங்க் பின்னாடியே கிடந்துச்சு. யாருக்கும் அது கிட்ட போகவேண்டிய தேவையே வரலை. சாப்பாட்டை வெச்சுட்டு வந்துடுவாங்க. 'காவலுக்கும் ஆகலை, கொஞ்சவும் ஆகலை'ன்னு திருப்பிட்டாங்க. ரெண்டாவது கூடுவாஞ்சேரி அபார்ட்மென்ட். நல்ல ஜனங்கதான். வந்த அன்னிக்கே குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, சொந்தக்காரங்க பதினஞ்சு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. பத்தாம் நாள் அந்த வீட்டுப் பையன் கையில பல் பட்டுடுச்சு. அதோட சரி.

அந்தப் பையனைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். பயந்த நாய் கடிக்கும். இதை மறைச்சு நாயை ஒப்படைக்கிறவங்க நாய்க்கும் நல்லது செய்யலை, அந்தக் குடும்பத்துக்கும் செய்யலை. பல் பட்டா உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். நாய் ஊசி போட்டதா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மஞ்சள், மிளகாய்த்தூள் எல்லாம் சாம்பாருக்கு மட்டும்.

இப்ப என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். காப்பகங்க 'நல்ல வீடு'க்கு வெச்சிருக்கற அளவுகோல் தலைகீழா இருக்கு. சொந்த வீடா, இடம் இருக்கா, வயசு அறுபதுக்குள்ளயான்னு கேக்கறாங்க. பயந்த நாய்க்கு வேண்டியது இதெல்லாம் இல்லை. விருந்தாளி அதிகம் வராத வீடு, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே காரியம் நடக்கற வீடு, அவசரப்படாத ஆள். ரிட்டையர் ஆனவங்களைவிட இதுக்குப் பொருத்தமானவங்க யாரு? காலையில ஆறுக்கு காபி, பேப்பர், பத்துக்குக் கஞ்சி, மத்தியானம் தூக்கம். நாய் ஒரே வாரத்துல அட்டவணையை மனப்பாடம் பண்ணிடும். அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சாலே பாதிப் பயம் போயிடும். வாடகை வீடுன்னா வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்துல வாங்கிக்கலாம். அசோசியேஷன் தகராறு பண்ணா, நாய் வளர்க்கக் கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு. அந்த வீட்டுல ஏற்கெனவே தைரியமான ஒரு நாய் இருந்தா இன்னும் விசேஷம். மனுஷன் ஆறு மாசத்துல சொல்லிக் குடுக்கறதை அது ஆறு நாள்ல சொல்லிக் குடுத்துடும்.

அடாப்ஷன் கேம்ப்னு ஷாமியானா போட்டு மைக் கட்டி நடத்தறாங்களே, குட்டிங்களுக்கு அது சரி. பயந்த நாயை அங்க கொண்டு போறது, மேடைப் பயம் உள்ளவனைத் தேர்தல் பிரச்சாரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி. எடுத்துக்க நினைக்கறவங்க காப்பகத்துக்கு நாலு தடவை வரட்டும். கூண்டுக்கு வெளியே பக்கவாட்டுல உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும். முறைச்சுப் பார்க்காம அப்பப்ப ஒரு துண்டு கோழியைத் தூக்கிப் போடட்டும், அவ்வளவுதான். நாலு தடவை வர முடியாதவங்களால நாலு மாசம் காத்திருக்க முடியாது. வடிகட்ட இதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியலை.

'இத்தனை ஆயிரம் நாய் தெருவுல கிடக்கு, ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இவ்ளோ பாடா'ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா கணக்கைப் பாருங்க. மூணு வருஷம் ஒரே கூண்டுல இருக்கற நாய், அந்த மூணு வருஷமும் அடிபட்டு வர்ற நாய்களுக்கான இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒரு வீடு கிடைச்சா ஒரு கூண்டு காலி.

அதோட, எல்லாப் பயந்த நாய்க்கும் வீடுதான் தீர்வுன்னும் நான் சொல்லலை. குட்டி பிறந்து மூணாவது வாரத்துலேர்ந்து மூணு மாசம் வரைக்கும்தான் மனுஷனைப் பழகிக்க அதோட மனசு நல்லா திறந்திருக்கும். அந்தக் காலத்துல மனுஷன் கையே படாம தெருவுல வளர்ந்த நாய்க்கு நம்ம ஹால் ஒரு ஜெயில். கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடறதுதான் அதுக்கு நல்லது. சென்னையில ப்ளூ கிராஸ் 1964லேர்ந்து இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மாநகராட்சி நாய்களைக் கொல்றதை நிறுத்திட்டு இந்த வழிக்கு வந்தது 1996லதான். 2023 விதிகளும் பிடிச்ச இடத்துலயே விடணும்னுதான் சொல்லுது.

ஆனா 2025 நவம்பர் 7ல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல இருக்கற நாய்ங்களைப் பிடிச்சு கருத்தடை, ஊசி போட்டுக் காப்பகத்துல வைக்கணும், அதே இடத்துல திரும்ப விடக் கூடாதுன்னு. அது சரியா தப்பாங்கற சண்டைக்கு நான் இப்ப வரலை. பிளாட்பாரத்துல பயணிங்க போடற பன்னைத் தின்னு வளர்ந்த நாயைத் திடீர்னு கூண்டுல போட்டா அது மூலையைப் பார்த்துத்தான் உட்காரும். மூலையில உட்கார்ற நாய்ங்க இனிமே கூடத்தான் செய்யும். அதுக்கு ஏத்த வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியணும்.

எங்க பழுப்பு நாய்க்கு மூணாவது வீடு மறைமலை நகர்லயே கிடைச்சுது. மாடி, வாடகை வீடு, ரிட்டையர் ஆன தம்பதி. காப்பகத்தோட அளவுகோல்படி மூணுலயும் ஃபெயில்! முதல் மாசம் கட்டிலுக்கு அடியில. ரெண்டாவது மாசம் அந்த அம்மா அரிசி களையற சத்தம் கேட்டா தலையை மட்டும் வெளிய நீட்டும். அஞ்சாவது மாசம்தான் கையிலேர்ந்து வாங்கிச் சாப்பிட்டுச்சு. இன்னும் தெருவுக்கு முழுசா வரலை, மொட்டை மாடியோட சரி. "அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, எங்களுக்கு மட்டும் எங்க போகணும்?"னு ஐயா சொல்றார்.

பி.கு: தீபாவளி வருது. பாவ்லோவ் தெரியும்ல, மணி அடிச்சா எச்சில் விடற நாய் ஆள்? 1924ல லெனின்கிராட் வெள்ளத்துல அவரோட நாய்ங்க கூண்டோட முங்கற நிலைமைக்குப் போய்த் தப்பிச்சுது. அப்புறம் தேறி வந்த ஒரு நாய், கதவுக்கடியில கொஞ்சம் தண்ணி கசிஞ்சதைப் பார்த்ததும் பழையபடி ஆயிடுச்சு. அதனால பயந்த நாயை இந்த மாசம் எடுக்கறதா இருந்தா ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. ஏற்கெனவே எடுத்தவங்க வெடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வெளிய கூட்டிப்போய் வந்துடுங்க. கழுத்துப் பட்டை மட்டும் போதாது, மார்ப்புப் பட்டையும் சேர்த்துப் போடுங்க, ரெண்டுலயும் கயிறு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமா வெச்சு, டிவியைக் கொஞ்சம் சத்தமா விடுங்க. கட்டிலுக்கு அடியில போனா வெளிய இழுக்காதீங்க.